கிலோமீட்டரை நம்பி டிக்கெட் போடாதீர்கள்!

டில்லியிலிருந்து சான்பிரான்சிஸ்கோ எவ்வளவு தூரம்? இரண்டு ஊர்ப் பெயர்களை டைப் செய்தால் தூரத்தையும் பறக்கும் நேரத்தையும் சொல்லும் தளங்கள் இன்டர்நெட்டில் நிறைய உள்ளன. விடை: சுமார் 12,400 கி.மீ., நேரம் ஏறக்குறைய 14 மணி. இதில் தூரம் சரிதான். நேரத்தைத்தான் நம்ப முடியாது.

இத்தளங்கள் செய்வது எளிய கணக்கு. இரு ஊர்களின் அட்சரேகை, தீர்க்கரேகையை வைத்து உருண்டையான பூமியின் மேல் மிகக் குறுகிய கோட்டைக் கணக்கிடுகின்றன. பிறகு மணிக்கு 900 கி.மீ. போன்ற ஒரு வேகத்தால் வகுக்கின்றன. இதை எக்செல்லில் நீங்களே செய்யலாம். டிகிரியை ரேடியனுக்கு மாற்ற மறந்துவிடாதீர்கள். மேற்குத் தீர்க்கரேகைக்கு மைனஸ் குறி போடுங்கள். கல்லூரி நாட்களில் நான் எழுதிய புரோகிராமில் இரண்டையும் மறந்து, ஒரு மாலை முழுவதும் தலையைப் பிய்த்துக்கொண்டேன்!

இனி கூகுள் எர்த்தைத் திறந்து ரூலர் மூலம் இவ்விரு ஊர்களையும் இணையுங்கள். கோடு திபெத், சைபீரியா வழியாக ஆர்க்டிக் பெருங்கடலைத் தொட்டு அலாஸ்காவில் இறங்கும். திபெத்துக்கு மேல் பறக்கும்போது கேபினில் காற்றழுத்தம் போய்விட்டால் விமானம் சுமார் 10,000 அடிக்கு இறங்க வேண்டும். அங்கே தரையே அதைவிட உயரம்! எனவே விமானங்கள் சுற்றித்தான் போகும்.

சுற்றினால் நேரம் கூடும் என்று நினைப்பீர்கள். 2015 டிசம்பரில் ஏர் இந்தியா இந்த ஊர்களுக்கிடையே நேரடி விமானம் தொடங்கியபோது அட்லாண்டிக் வழியே போனது. தூரம் சுமார் 13,900 கி.மீ. 2016 அக்டோபரில் பசிபிக் வழியே திருப்பிவிட்டார்கள். தூரம் 15,300 கி.மீ. ஆனது, ஆனால் பதினாலரை மணி நேரத்தில், முன்பைவிட ஏறக்குறைய 2 மணி நேரம் குறைவாகப் போய்ச் சேர்ந்தது! வகுத்துப் பாருங்கள்: சராசரி வேகம் மணிக்கு 1,055 கி.மீ. மேற்கிலிருந்து கிழக்காக வீசும் ஜெட் ஸ்ட்ரீம் காற்று பின்னாலிருந்து தள்ளியதுதான் காரணம். பழைய வழியில் அதே காற்று எதிரே வந்து மோதியது.

டிக்கெட்டில் இன்னொரு குழப்பமும் உண்டு. அதில் இருப்பவை அந்தந்த ஊர் நேரங்கள். டில்லியில் அதிகாலை 4 மணிக்குக் கிளம்பிப் பதினாலரை மணி நேரம் பறந்தால், கோடையில் அங்கே அதே தேதி காலை 6 மணி. பார்ப்பவருக்கு 2 மணி நேரப் பயணம்! சான்பிரான்சிஸ்கோவில் கோடைக்காலத்தில் 7 மணி, குளிர்காலத்தில் 8 மணி என ஜி.எம்.டி.க்குப் பின்தங்கி இருப்பார்கள். நாம் ஐந்தரை மணி முன்னால். இரு நேரங்களையும் ஜி.எம்.டி.க்கு மாற்றிக் கழித்தால் உண்மையான மணிக்கணக்கு கிடைக்கும்.

மகன் வீட்டுக்குப் போகும் அப்பா இன்சுலின் போடுபவர் என்றால், கிளம்பும் முன் டாக்டரிடம் காட்ட வேண்டியது இந்த மணிக்கணக்கைத்தான்.