விளக்குப் பழுதும் விழாமல் காத்தலும்

நம் மருத்துவமனையின் புதிய கட்டடத்தில் தாழ்வார விளக்குகள் சில மினுக்குவதையும், சில அணைந்து கிடப்பதையும் நீங்கள் கண்டிருப்பீர்கள். எல்.இ.டி. விளக்கில் பெரும்பாலும் முதலில் பழுதாவது, மின்சாரத்தை மாற்றித் தரும் ‘டிரைவர்’ என்னும் சிறு மின்சுற்றே. ஒப்பந்ததாரர் தரங்குறைந்த டிரைவர்களைக் காற்றோட்டமில்லாத பொய்க்கூரைக்குள் பொருத்தியதால், அவை வெப்பத்தில் விரைவில் கெட்டுவிட்டன. பணி முடிந்தபோதே சோதித்துப் பார்க்கத் தவறியது எங்கள் பிழை. இப்போது தளம் தளமாக மாற்றி வருகிறோம்.

அதுவரை, விழுந்துவிடாமல் இருப்பதே முக்கியம். வெளிச்சத்திலிருந்து வரும் கண்கள் இருளுக்கு முழுமையாகப் பழக 20 முதல் 30 நிமிடங்கள் ஆகும். முதியோருக்கு இன்னும் கூடுதலாகலாம். இரத்த அழுத்த மாத்திரையோ, சிறுநீர் பிரியச் செய்யும் மாத்திரையோ உட்கொள்வோருக்குச் சட்டென்று எழுந்தால் தலை சுற்றக்கூடும். எனவே, கட்டிலின் ஓரத்தில் ஓரிரு நிமிடங்கள் அமர்ந்த பின்னரே எழுங்கள். இரவில் கழிப்பறைக்குத் தனியே செல்லாமல் அழைப்பு மணியை அழுத்துங்கள். துணையிருப்போர் கையில் டார்ச் விளக்கு வைத்திருப்பது நல்லது.

எரியாத விளக்கைக் கண்டால் தயங்காமல் செவிலியரிடம் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். உங்கள் ஒரு சொல், அடுத்த நோயாளியின் இடுப்பெலும்பைக் காக்கக்கூடும்.