தென்னையைத் துண்டு துண்டாக இறக்குவது எப்படி?

இரண்டு ஓட்டு வீடுகள். நடுவே ஒரு குறுகிய சந்து. அந்தச் சந்தில் நெடுநெடுவென வளர்ந்த ஒரு பழைய தென்னை. 2018 நவம்பர் 16 அன்று கரையைக் கடந்த கஜா புயல் காவிரிப் படுகையில் எத்தனையோ தென்னைகளைச் சாய்த்ததைக் கண்டவர்கள், இத்தகைய மரத்தை அண்ணாந்து பார்த்தாலே அஞ்சுவார்கள். அடியில் வெட்டினால் ஏதாவது ஒரு கூரையின்மேல்தான் விழும். என்ன செய்வது?

உச்சியிலிருந்து துண்டு துண்டாக அறுத்துக் கயிற்றில் இறக்க வேண்டும். இந்த வேலைக்குள் நீங்கள் பள்ளியில் படிக்கும் இயற்பியல் ஒளிந்திருக்கிறது!

முதலில் சோதனை

ஏறுவதற்கு முன் மரத்தைச் சோதிக்க வேண்டும். சிவப்புக் கூன்வண்டின் புழுக்கள் தண்டின் உட்பகுதியைத் தின்றுவிடும். வெளியே மரம் நன்றாகவே தோன்றும். தண்டில் துளைகளும், அவற்றிலிருந்து பழுப்பு நிறச் சாறு வடிவதும் ஆபத்தின் அறிகுறிகள். அத்தகைய மரத்தில் ஏறவும் கூடாது, அதில் கப்பி கட்டவும் கூடாது. பக்கத்தில் மின்கம்பி இருந்தால் மின்வாரியத்தாரைக் கொண்டு மின்சாரத்தை நிறுத்திய பிறகே வேலை தொடங்க வேண்டும்.

எடையும் உலுக்கலும்

30 செ.மீ. குறுக்களவும் 1 மீட்டர் நீளமும் உள்ள தண்டின் எடை என்ன? பச்சை மரத்தின் அடர்த்தி ஏறக்குறைய நீரின் அடர்த்திதான் என்று கொண்டால், சுமார் 70 கிலோ. அறுக்கும் இடத்துக்குக் கீழே தண்டில் கப்பியைக் கட்டுகிறார்கள். துண்டில் கட்டிய கயிறு கப்பி வழியாகத் தரைக்கு வருகிறது.

துண்டு 1 மீட்டர் விழுந்த பிறகு கயிறு விறைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை அடுத்த 20 செ.மீ. தொலைவுக்குள் நிறுத்தினால், கயிற்றில் சராசரியாக 6 மடங்கு, அதாவது 420 கிலோ எடைக்குச் சமமான விசை ஏற்படும். கப்பியின் இரு பக்கமும் கயிறு இழுப்பதால் அதைத் தாங்கும் மரத்தின்மேல் விசை ஏறக்குறைய இரு மடங்கு. மரத்தின்மேல் இருப்பவர் கதி என்ன ஆகும்?

அதையே 2 மீட்டர் தொலைவுக்கு ஓடவிட்டு மெதுவாக நிறுத்தினால், கயிற்றில் சராசரி விசை 105 கிலோ எடை அளவுதான். கிரிக்கெட் பந்தைப் பிடிப்பவர் கைகளைப் பின்னால் இழுத்துக்கொள்கிறார் அல்லவா? அதே தத்துவம்தான் இது.

சுற்றின் மாயம்

தரையில் நிற்கும் ஒருவரால் இவ்வளவு விசையை எப்படித் தாங்க முடியும்? அவர் கயிற்றை மரத்தின் அடியில் சுற்றிக்கொள்கிறார். உராய்வுக் குணகம் 0.25 என்றால் ஒரு சுற்றில் பிடிக்கும் வலிமை ஏறக்குறைய 5 மடங்கு கூடுகிறது. இரண்டு சுற்றுக்கு 10 மடங்கு என்று நினைத்துவிடாதீர்கள்! 5 × 5, அதாவது சுமார் 25 மடங்கு. இது பெருக்குத் தொடர். இதற்கான சூத்திரம் கணித மேதை ஆய்லரின் பெயரால் வழங்குகிறது. அதில் மரத்தின் பருமனுக்கு இடமே இல்லை; சுற்றிய கோணமும் உராய்வுமே கணக்கு.

முரட்டுக் காளையின் கயிற்றைக் கம்பத்தில் ஒரு சுற்றுச் சுற்றிப் பிடிப்பதும், கப்பலின் வடத்தைத் துறைமுகத்தின் குட்டைத் தூணில் சுற்றுவதும் இதனால்தான். ஆனால் கயிற்றைக் கையிலோ இடுப்பிலோ ஒருபோதும் சுற்றக்கூடாது. அதே உராய்வு உடலையும் இறுக்கிப் பிடித்துவிடும், உதற முடியாது.

செய்து பாருங்கள்

ஒரு கம்பைக் கிடையாகக் கட்டுங்கள். நூலின் ஒரு முனையில் பெரிய பூட்டையும், மறு முனையில் சிறு சாவியையும் கட்டிக் கம்பின்மேல் போடுங்கள். பூட்டு சட்டென்று இறங்கிவிடும். இப்போது நூலைக் கம்பில் ஒரு சுற்று, இரண்டு சுற்று, மூன்று சுற்று எனச் சுற்றிப் பாருங்கள். எத்தனையாவது சுற்றில் சாவி பூட்டைத் தாங்குகிறது?

மரம் இறக்குவதை மட்டும் பழகியவர்களிடம் விட்டுவிடுங்கள். எங்கேனும் அந்த வேலை நடந்தால் தொலைவில் நின்று, கீழே கயிறு பிடிப்பவரின் கைகளைக் கவனியுங்கள். மேலே இருப்பவரின் உயிர் அந்தக் கைகளில்தான் இருக்கிறது!