விசிறியும் வியர்வையும்

நுழையும்முன்

கோடைப் புழுக்கத்தில் நம் கை முதலில் தேடுவது மின்விசிறியின் சொடுக்கியையே. குளிரூட்டி இல்லாத வீடுகள் பல. மின்விசிறி இல்லாத வீடு அரிது. அது நமக்கு எவ்வாறு குளிர்ச்சி தருகிறது? எந்நிலையில் அதனால் பயனில்லை? இவ்விரண்டையும் அறிந்தோர் மின்சாரத்தைச் சேமிப்பர். கடும்வெப்பத்தில் தம் வீட்டாரின் உடல்நலத்தையும் காப்பர்.

கவரி முதல் மின்விசிறி வரை

முரசுகட்டிலில் அயர்ந்து உறங்கிய மோசிகீரனாருக்குத் தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறை கவரி வீசிய நிகழ்வைப் புறநானூறு வழி அறிகிறோம். கூதிர்க்காலக் குளிரில் பயனின்றித் தொங்கும் விசிறிகளில் சிலந்தி நூல் பின்னியிருக்கும் காட்சியை நெடுநல்வாடை காட்டுகிறது. பனையோலை விசிறி அண்மைக்காலம் வரை ஊர்தோறும் புழங்கியது. ஆங்கிலேயர் ஆட்சியில் மாளிகைகளிலும் நீதிமன்றங்களிலும் கூரையில் தொங்கிய 'பங்கா' என்னும் பெருவிசிறியைக் கயிற்றால் இழுப்பதற்கென்றே பணியாளர்கள் அமர்த்தப்பட்டனர். 1880களில் அமெரிக்காவில் பிலிப் டீல் என்பவர், தையல் இயந்திரத்துக்குரிய மின்மோட்டாரில் இறக்கைகளைப் பொருத்திக் கூரையில் தொங்கவிட்டார். கைகளின் உழைப்பை மின்னாற்றல் ஏற்றுக்கொண்டது.

கவரி, ஓலைவிசிறி, பங்கா, மின்விசிறி ஆகிய அனைத்துக்கும் பொதுப்பண்பு ஒன்று உண்டு. இவை அறையைக் குளிர்விப்பதில்லை. அறையில் இருப்பவரையே குளிர்விக்கின்றன.

குளிர்வது எது?

இவ்வுண்மையை எளிய சோதனையால் அறியலாம். பூட்டிய அறையொன்றில் இரு வெப்பநிலைமானிகளை மின்விசிறியின்கீழ் வையுங்கள். ஒன்றின் குமிழை ஈரத்துணியால் சுற்றுங்கள். மற்றொன்றை அப்படியே விடுங்கள். விசிறி சுழலச் சுழல, ஈரத்துணி சுற்றியதில் வெப்பநிலை இறங்கும்; உலர்ந்ததில் இறங்காது. விசிறி இழுக்கும் மின்னாற்றல் முழுவதும் இறுதியில் வெப்பமாகவே மாறுவதால், அறையின் வெப்பம் சற்றே கூடவும் செய்யும்.

நம் உடல் ஈரத்துணி சுற்றிய வெப்பநிலைமானியைப் போன்றது. ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது ஏறத்தாழ 2,400 ஜூல் வெப்பத்தைக் கவர்ந்து செல்கிறது. காற்று அசையாதபோது, தோலை ஒட்டிய மெல்லிய காற்றடுக்கு ஈரத்தால் நிறைந்துவிடுகிறது; வியர்வை ஆவியாகாமல் வழிகிறது. இதையே புழுக்கம் என்கிறோம். விசிறி அவ்வடுக்கை ஓயாது விலக்கி, உலர்ந்த காற்றைத் தோலருகே கொண்டுவருகிறது. ஆகவே, ஆளில்லாத அறையில் சுழலும் விசிறியால் யாருக்கும் குளிர்ச்சி இல்லை. செலவு மட்டுமே உண்டு.

கடற்கரையும் உள்நாடும்

சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடற்கரை ஊர்களில் காற்றின் ஈரப்பதம் மிகுதி. அங்கு வியர்வை எளிதில் ஆவியாவதில்லை. விசிறியை நிறுத்திய மறுகணமே உடல் நனைகிறது. வேலூர், கரூர் போன்ற உள்நாட்டு ஊர்களின் கோடைக்காற்று வறண்டது. அங்கு வியர்வை தோன்றியவுடன் ஆவியாகிவிடுவதால் உடல் நீரிழப்பது கண்ணுக்குத் தெரிவதில்லை. எனவே விசிறியின்கீழ் இருப்போரும் தாகம் எடுக்கும்வரை காத்திராமல் நீரோ மோரோ அருந்துதல் வேண்டும்.

காற்றுக்கு வழி

விசிறியின் இறக்கைகள் தரையிலிருந்து எட்டு அல்லது ஒன்பது அடி உயரத்தில் இருத்தல் நன்று. கூரைக்கும் இறக்கைகளுக்கும் இடையே ஓரடியேனும் இடைவெளி வேண்டும். கூரையை மிக ஒட்டியிருந்தால் விசிறி மேலிருந்து போதிய காற்றை இழுக்க இயலாது. காற்றின் வேகம் இறக்கைகளுக்கு நேர்கீழே மிகுந்தும், அறையின் மூலைகளில் குறைந்தும் இருக்கும். கட்டிலையும் படிக்கும் மேசையையும் அதற்கேற்ப இடுதல் வேண்டும்.

பகலெல்லாம் வெயிலை வாங்கிய கான்கிரீட் கூரை, இரவில் அவ்வெப்பத்தை அறைக்குள் உமிழ்கிறது. சன்னல்களை அடைத்துவிட்டு விசிறியை முடுக்கினால், கூரையடியில் தேங்கிய வெப்பக்காற்றே நம்மீது இறங்கும். மாலையில் வெளிக்காற்று குளிர்ந்தபின் எதிரெதிர்ச் சன்னல்களைத் திறந்துவைத்தால் உள்வெப்பம் வெளியேறும். மேசைவிசிறி ஒன்றைச் சன்னலருகே வெளிநோக்கி வைப்பது அதை விரைவுபடுத்தும். மொட்டைமாடியில் வெள்ளைச் சுண்ணாம்பு பூசுவதால் கூரை ஏற்கும் வெப்பமே குறைகிறது.

மின்சாரக் கணக்கு

பழைய வகை மின்விசிறி ஏறத்தாழ 75 வாட் திறனை எடுத்துக்கொள்கிறது. பி.எல்.டி.சி. எனப்படும் தூரிகையற்ற மோட்டார் கொண்ட விசிறிக்கு 30 வாட் அளவே போதும். நாளொன்றுக்கு 15 மணிநேரம் சுழன்றால், 60 நாள்களில் முன்னது 67.5 அலகும் பின்னது 27 அலகும் செலவிடும். ஒரே விசிறியில் மிஞ்சுவது ஏறத்தாழ 40 அலகு. 2023 சனவரி முதல் இந்தியாவில் கூரை மின்விசிறிகளுக்கு நட்சத்திரக் குறியீடு கட்டாயமாக்கப்பட்டுள்ளதால், வாங்குவோர் அதைப் பார்த்துத் தெரிவுசெய்யலாம்.

பெட்டி போன்ற பழைய வேகக்கட்டுப்படுத்தி, விசிறிக்குக் குறைத்த மின்னாற்றலின் ஒரு பகுதியைத் தானே வெப்பமாக வீணாக்கும். மின்னணு வகையில் அவ்விழப்பு மிகக் குறைவு. ஓடும் விசிறி நாளடைவில் வேகம் குறைந்தால், கடைகளில் 'கண்டென்சர்' எனக் கேட்டு வாங்கும் மின்தேக்கி வலுவிழந்திருக்கக்கூடும். அதனை மின்பணியாளரைக் கொண்டு மாற்றுவதற்குச் சிறு தொகையே ஆகும். இறக்கைகளின் ஓரத்தில் படியும் தூசியும் காற்றோட்டத்தைக் குறைக்கும். மின் இணைப்பை நிறுத்தியபின் அதனைத் துடைத்தல் வேண்டும்.

விசிறியின் எல்லை

நம் தோலின் வெப்பநிலை ஏறத்தாழ 35 டிகிரி செல்சியஸ். காற்று அதனினும் வெப்பமாகும்போது, விசிறி வீசும் ஒவ்வோர் அலையும் உடலுக்கு வெப்பத்தைச் சேர்க்கிறது. அந்நிலையில் வியர்வை ஒன்றே நம்மைக் காக்கிறது. வெப்பநிலை 40 டிகிரியைக் கடந்தால் மின்விசிறி உடலைச் சூடாக்கும் என உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கிறது. அக்கினி நட்சத்திர நாள்களில் நம் உள்மாவட்டங்கள் பலவற்றில் இவ்வெல்லை தாண்டப்படுகிறது.

முதியோர்க்கு வியர்வை சுரப்பது குறைவு. தாக உணர்வும் குறைவு. 'விசிறிதான் ஓடுகிறதே' என அவர்களைத் தனியே மூடிய அறையில் விட்டுச்செல்லுதல் ஆகாது. காற்று 40 டிகிரிக்குக் கீழ் இருக்கும்போது, அவர்களின் கழுத்திலும் கைகளிலும் ஈரத்துணி இட்டு விசிறியை ஓடவிடலாம்; வியர்வை செய்ய இயலாத பணியை அந்நீர் செய்யும். வெப்பம் அதனினும் மிகுந்தால், விசிறியை நம்பாமல் குளிர்ந்த இடத்துக்கு அவர்களை அழைத்துச்செல்லுதல் வேண்டும். தலைச்சுற்றல், பேச்சில் குழப்பம், மயக்கம் ஆகியவை தோன்றினால் காலம் தாழ்த்தாது 108 எண்ணை அழைக்க வேண்டும்.

புலவரின் அருகில் நின்று அவர் முகம் பார்த்து வீசினான் சேரன். மின்விசிறிக்குப் பார்க்கும் கண் இல்லை. அதன்கீழ் இருப்பவரைப் பார்க்கும் கடமை நம்முடையது.