குடல் துண்டு காட்டிய உண்மை

அபினிச் செடியிலிருந்து கிடைக்கும் மோர்பின், கடும் வலியைத் தணிக்கும் மருந்து. அது மலச்சிக்கலையும் உண்டாக்கும். நோயாளிகளுக்குத் தொல்லை தரும் இந்தப் பக்கவிளைவே அறிவியலாளர்களுக்கு நல்லதோர் அளவுகோலாக அமைந்தது.

நாஜி ஆட்சியின்போது ஜெர்மனியை விட்டு வெளியேறிய ஹான்ஸ் கோஸ்டர்லிட்ஸ், 1934இல் ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகருக்கு வந்தார். பிற்காலத்தில் அவரது ஆய்வுக்கூடத்தில் கினிப் பன்றியின் சிறுகுடல் துண்டைக் கொண்டு சோதனைகள் நடைபெற்றன. (பெயரில் பன்றி இருந்தாலும் இது கொறித்துண்ணும் சிறு விலங்குதான்.) குடல் துண்டை வெதுவெதுப்பான உப்புக் கரைசலில் தொங்கவிட்டு, ஆக்சிஜனைச் செலுத்துவார்கள். சில வினாடிகளுக்கு ஒரு முறை சிறு மின்தூண்டலும் கொடுப்பார்கள். அப்போது குடற்சுவரிலுள்ள நரம்புகள் அசிட்டைல்கோலின் என்னும் வேதிப்பொருளை வெளியிடும். உடனே தசை சுருங்கும். ஒவ்வொரு சுருக்கமும் தாளில் ஒரு கோடாகப் பதிவாகும்.

கரைசலில் சிறிதளவு மோர்பினைச் சேர்த்தால் கோடுகள் குட்டையாகிவிடும். ஏனெனில், மோர்பின் நரம்புகள் வெளியிடும் அசிட்டைல்கோலினின் அளவைக் குறைக்கிறது. சுருக்கத்தைப் பாதியாகக் குறைக்க எவ்வளவு மருந்து தேவை என்று கணக்கிட்டால் அதன் வீரியம் தெரிந்துவிடும். ஆனால், வேறு பொருள்களும் சுருக்கத்தைக் குறைக்கலாம் அல்லவா? அதனால்தான் அடுத்த படி மிகவும் முக்கியமானது. மோர்பினின் விளைவைத் தடுக்கும் நலோக்சோன் என்ற மருந்தைச் சேர்ப்பார்கள். கோடுகள் மீண்டும் உயர்ந்தால், குறைத்தது மோர்பின் வகைப் பொருளே என்று உறுதியாகும்.

1973இல், மோர்பின் சென்று பொருந்தும் ஏற்பிகள் மூளையில் இருப்பதை ஆய்வாளர்கள் மெய்ப்பித்தனர். ஒரு செடியின் சாற்றுக்காக மூளையில் ஏன் ஏற்பிகள் இருக்க வேண்டும்? உடலே அத்தகைய பொருளைச் சுரக்கிறதோ என்ற ஐயம் வலுத்தது. கோஸ்டர்லிட்ஸுடன் பணியாற்றிய ஜான் ஹியூஸ், இறைச்சிக்கூடத்திலிருந்து பெற்ற பன்றி மூளைகளிலிருந்து சாறு எடுத்துச் சோதித்தார். சுருக்கங்கள் குறைந்தன; நலோக்சோன் சேர்த்ததும் மீண்டன. 1975இல் அச்சாற்றிலிருந்த இரு பொருள்களின் அமைப்பை அவர்களின் குழு வெளியிட்டது. ஒவ்வொன்றிலும் ஐந்தே அமினோ அமிலங்கள்! அவற்றுக்கு 'என்கெஃபலின்' என்று பெயரிட்டனர்.

சுண்டெலியின் தசைக்குழாய் ஒன்றிலும் இதே சோதனையைச் செய்தபோது ஒரு வேறுபாடு தெரிந்தது. மோர்பினைவிட என்கெஃபலின் அங்கு மிகுந்த வீரியத்துடன் செயல்பட்டது. இதனால், ஏற்பிகளில் ஒன்றுக்கு மேற்பட்ட வகைகள் உண்டு என்பதும் தெளிவாகியது.