பழைய காரும் அதிர்வுத் தாங்கியும்

பழைய மோட்டார் கார்களைப் பழுதுபார்த்துப் புதுக்கோலத்தில் ஓட்டும் ஆர்வம் நம் நாட்டில் வளர்ந்து வருகின்றது. கோயம்புத்தூரில் உள்ள ஜீடீ கார் அருங்காட்சியகத்தைக் கண்டு வந்தோர், தத்தம் வீட்டுக் கொட்டகையில் தூசி படிந்து நிற்கும் பாட்டனார் காலத்துக் காரை நினைத்துக்கொள்வது இயல்பே. சென்னை-பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்துள்ள மேல்விஷாரத்தில் வாழும் நமக்கு இவ்வார்வத்தோடு ஓர் எச்சரிக்கையும் தேவைப்படுகின்றது. கொட்டகையை விட்டுப் புறப்படும் பழைய கார், சில நிமிடங்களில் கனரக லாரிகளுக்கு நடுவே ஓட நேரிடும். ஆகவே அதன் அழகைக் காட்டிலும் அதன் அடக்கத்தை முதலில் சோதித்தல் வேண்டும். அவ்வடக்கத்தைத் தரும் உறுப்பே அதிர்வுத் தாங்கி. தொழிற்கூடங்களில் இதனை ஷாக் அப்சார்பர் என்றும், சுருக்கமாக ஷாக் என்றும் வழங்குவர்.

இப்பெயர் சற்றே மயக்கம் தருவது. சாலைப் பள்ளத்தின் அதிர்ச்சியை உண்மையில் ஏற்பது வில்லேயாகும். நம் பெரியோர் ஏறிச் சென்ற வில்வண்டியை நினைவுகூர்க. சக்கரம் கல்லின்மேல் ஏறும்போது வில் வளைந்து அவ்வேகத்தைத் தன்னுள் வாங்கிக்கொள்கின்றது. ஆயினும் வாங்கியதை அது வைத்துக்கொள்வதில்லை. உடனே திருப்பித் தந்துவிடுகின்றது. அதனால் வண்டி மேலும் கீழுமாகப் பன்முறை ஆடுகின்றது. ஊஞ்சலை ஒரு முறை தள்ளிவிட்டு விலகி நின்றால் அது தானே பலமுறை ஆடுவது போன்றதே இது. மெல்லச் செல்லும் மாட்டுவண்டியில் இவ்வாட்டம் இன்பமாகவும் இருக்கலாம். விரைந்து ஓடும் காரிலோ, டயர் கணப்பொழுது தரையை விட்டு எழும். எழுந்த டயரால் காரைத் திருப்பவும் இயலாது, நிறுத்தவும் இயலாது. இவ்வாட்டத்தை விரைவில் அடக்குவதே அதிர்வுத் தாங்கியின் கடமை.

அஃது எவ்வாறு அடக்குகின்றது? ஓர் உருளைக்குள் எண்ணெய் நிரம்பியிருக்கின்றது. அதனுள் ஓர் உந்தி அசையும்போது, எண்ணெய் மிகச் சிறிய துளைகளின் வழியாகப் புகுந்து செல்ல வேண்டியிருக்கின்றது. நெருக்கடியான வழியில் செல்லும் எண்ணெய் எதிர்ப்புக் காட்டுகின்றது. வில் திருப்பித் தந்த ஆற்றல் இவ்வெதிர்ப்பில் வெப்பமாக மாறிக் காற்றில் கலந்துவிடுகின்றது. கரடுமுரடான சாலையில் நெடுந்தொலைவு ஓடிய காரின் தாங்கியைத் தொட்டால் அது சுடுவதற்குக் காரணம் இதுவே.

தோல் தொழிலையே உயிராகக் கொண்ட நம் ஊரார்க்கு உவப்பான ஒரு செய்தியும் உண்டு. மோட்டார் காரின் தொடக்க காலத்தில், பிரான்சு நாட்டைச் சேர்ந்த திரூஃபோ என்பவர் அமைத்து, அமெரிக்கரான ஹார்ட்ஃபோர்டு என்பவர் பரப்பிய தாங்கியில் எண்ணெயே ஓடவில்லை. உலோகத் தட்டுகளுக்கு இடையே எண்ணெய் ஊட்டிய தோல் வட்டங்களை வைத்து, அவை உராயும் உராய்வினாலேயே ஆட்டத்தை அடக்கினர். அதற்கும் முன்னர், 1795-ஆம் ஆண்டு பிராமா உரிமம் பெற்ற நீர் அழுத்த எந்திரத்தில் கசிவைத் தடுத்ததும் கிண்ண வடிவத் தோலேயாகும். ஆவாரம் பட்டையால் தோல் பதனிட்ட பாலாற்றங்கரைக்கு இவ்வரலாறு அயலானதன்று. அவ்விடத்தைப் பிற்காலத்தில் செயற்கை ரப்பர் பெற்றது.

நம் நாட்டுப் பழைய கார்களில் இருவகைத் தாங்கிகளைக் காணலாம். மோரிஸ் மைனர் என்னும் காரை 1950-களில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் ‘பேபி ஹிந்துஸ்தான்’ என்ற பெயரில் வெளியிட்டது. அதன் தாங்கி, பெட்டி போன்ற உடலும் அதிலிருந்து நீளும் ஒரு கையும் உடையது. சென்னையில் ஸ்டாண்டர்டு நிறுவனத்தார் 1961 முதல் செய்த ஹெரால்டு காரில் உள்ளதோ, குழலுக்குள் குழலாக நீண்டு சுருங்கும் வகை. இன்று பெரும்பாலான வண்டிகளில் காண்பதும் இவ்வகையே.

கழற்றும் முன் கவனம் வேண்டும். மைனரின் முன்புறத்தில் தாங்கியின் கையே சக்கரத்தின் மேற்பகுதியைப் பிடித்து நிற்கின்றது. கீழ்க்கைக்கு ஜாக்கி முட்டுக் கொடுக்காமல் அதனைக் கழற்றினால் முறுக்குத் தண்டின் விசை திடீரென்று விடுபடும். ஹெரால்டின் முன்புறத்தில் தாங்கியைச் சுற்றிச் சுருள்வில் அழுந்தி நிற்கின்றது. உரிய அமுக்கிக் கருவியின்றி அதன் மேல் நட்டைத் தளர்த்துவோரின் உயிருக்கே ஊறு நேரலாம்.

கழற்றிய தாங்கியை மண்ணெண்ணெயால் துடைத்துச் சோதிக்க. கையுள்ள வகையானால், அக்கையை மெதுவாக ஏற்றி இறக்குக. இரு பக்கமும் சீரான எதிர்ப்பு இருத்தல் வேண்டும். இடையில் வெற்றாட்டம் தோன்றினால் எண்ணெய் குறைந்திருக்கலாம், அல்லது உள்ளுறுப்புத் தேய்ந்திருக்கலாம். குழல் வகையை நிமிர்த்திப் பிடித்துப் பலமுறை இழுத்து அழுத்திக் காற்றை விலக்கிய பின்பே முடிவுக்கு வருக. அதன் பளபளப்பான தண்டை விரல் நகத்தால் வருடிப் பார்க்க. நகம் தடுக்கும் அளவுக்குத் துருக்குழி இருப்பின், புதிய சீலும் சில நாளில் கிழிந்து எண்ணெய் கசியும். அத்தண்டுக்குக் குரோமிய முலாம் மீண்டும் ஏற்றித் தேய்த்துச் சமன்செய்தல் வேண்டும். மூடி முடக்கிச் செய்யப்பட்ட தாங்கியைத் திறக்க முயலாமல் புதிதாக மாற்றுவதே அறிவுடைமை. வாயு நிரப்பிய தாங்கியைத் துளைப்பதும், எவ்வகைத் தாங்கியையும் நெருப்பில் காட்டுவதும், அதன்மேல் வெல்டு வைப்பதும் கூடவே கூடா.

இனி வண்ணப்பூச்சுக்கு வருவோம். பழைய வண்ணத்தில் ஈயம் கலந்திருக்கக்கூடும்; ஆதலின் உலர்ந்த நிலையில் தேய்த்துத் தூசி கிளப்பாமல், நீர் தொட்ட உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். மணல் பீச்சித் துப்புரவு செய்வது விரைவான வழிதான். எனினும் ஒரு மணல் துகள் சீலுக்குள் புகுந்தால் தாங்கி பாழாகும். தண்டு, ரப்பர் புஷ், மரை, எண்ணெய் மூடி, காரின் சட்டத்தோடு பொருந்தும் முகம் ஆகியவற்றை ஒட்டுநாடாவால் மறைத்திடுக. பொருந்தும் முகத்தில் வண்ணம் தடித்திருந்தால், அது நாளடைவில் நசுங்கிப் போல்ட்டுகள் தளரும். துரு நீக்கிய இரும்புக்குப் பிரைமர் ஒரு பூச்சு, அதன்மேல் கறுப்பு எனாமல் மெல்லியதாக இரு பூச்சு போதும். அலுமினியக் கலவை உடலுக்கு அதற்கென்றே உள்ள பிரைமர் வேண்டும். வண்ணப் பொடியை உலையில் இட்டு உருக்கி ஏற்றும் முறை சட்டத்துக்கு நன்று. முழுத் தாங்கிக்கு ஆகாது. உலையின் சூட்டில் ரப்பரும் எண்ணெயும் கெடும்.

கையுள்ள தாங்கிக்கு உரிய எண்ணெய் கிடைக்காவிடில், எஸ்.ஏ.ஈ. 20 தரமுள்ள கனிம எண்ணெயைப் பயன்படுத்தலாம். பிரேக் எண்ணெயை ஊற்றலாகாது. சிறிது ஊற்றிக் கையை ஏற்றியிறக்கிக் காற்றை வெளியேற்றி, மீண்டும் ஊற்றுக. ஓர் அச்சின் இரு பக்கத் தாங்கிகளும் ஒத்த வலிமை உடையனவாதல் வேண்டும். ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளைக் கார் தன் சக்கரங்களின்மேல் நின்ற பின்னரே இறுதியாக முடுக்குக. தொங்கும் நிலையில் முடுக்கினால் ரப்பர் முறுக்குண்டு விரைவில் கிழியும். பின்பு காரின் ஒரு மூலையை அழுத்தி விடுக. அது ஒருமுறை எழுந்து அமைதியுற வேண்டும்.

எஞ்சியிருப்பது வடித்த பழைய எண்ணெயும், அழுக்கு மண்ணெண்ணெயும், சுரண்டிய வண்ணமுமாகும். இவற்றைச் சாக்கடையில் ஊற்றினால் அவை சேருமிடம் நம் பாலாற்றுப் படுகை. தோல் தொழிற்சாலைக் கழிவுகள் குறித்து வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், மாசு செய்தவரே அதற்கான விலையைத் தருதல் வேண்டும் என்னும் நெறியை 1996-இல் உச்ச நீதிமன்றம் நிலைநாட்டியதை நாம் மறத்தலாகாது. ஒரு பெரிய ஆலைக்கு உரிய நீதி ஒரு சிறிய கொட்டகைக்கும் உரியதே. கழிவு எண்ணெயைத் தகரக் கலத்தில் மூடி வைத்து, அதனைச் சுத்திகரிக்க உரிமம் பெற்றோரிடம் சேர்ப்பிக்க வேண்டும்.

உள்ளே எண்ணெயற்ற தாங்கிக்கு மேலே கறுப்பு வண்ணம் பூசி விற்போரும் உண்டு. பளபளப்பைக் கண்டு மயங்கி வாங்குவோரும் உண்டு. வளைவில் மழை நாளில் டயர் தரையைப் பற்றுமா என்பதை அவ்வண்ணம் சொல்லாது. ஆகவே முதலில் சோதனை, அடுத்துப் பழுதுநீக்கம், அதன் பின்னரே வண்ணம் என்னும் வரிசையைக் கடைப்பிடிப்போர், தம் காரையும் காப்பர். அதில் ஏறும் குழந்தைகளையும் எதிரே வருவோரையும் காப்பர்.