வேனிற்காலக் கழுவேலி

வடபழனியிலிருந்து தியாகராய நகருக்குச் செல்வோர் கடந்துபோகும் மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ சாலை' என்றொரு தெரு உண்டு. ஏரியைப் பார்க்கும் சாலை என்பது அதன் பொருள். அங்கு ஏரி இல்லை. நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டை வரை நீண்டுகிடந்த பேரேரி 1920களில் வடிக்கப்பட்டுத் தியாகராய நகர் எழுந்தது. நீர்ப்பறவைகளைக் காண விரும்பும் வடபழனிக் குடும்பம் இன்று நூறடிச் சாலை வழியே கிண்டி, வேளச்சேரி கடந்து பள்ளிக்கரணைக்குச் செல்ல வேண்டும்.

பள்ளிக்கரணையை ஏரி என்பதைவிடச் சதுப்புநிலம் என்பதே பொருந்தும். நீர் தேங்கிப் பரந்து கிடக்கும் இத்தகைய தாழ்நிலத்தை மக்கள் 'கழுவேலி' என்றழைத்தனர். அழகான, துல்லியமான சொல். சுற்றியுள்ள ஏரிகளின் உபரிநீர் இங்கு வந்து தங்கி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயை அடைந்து, கோவளம் முகத்துவாரத்தில் கடலில் கலக்கிறது.

பறவைகளைக் காணக் குளிர்காலமே ஏற்றது என்பது பொதுவான எண்ணம். வடக்கிலிருந்து வலசை வரும் வாத்துகளும் உள்ளான்களும் பங்குனிக்குள் பெரும்பாலும் திரும்பிவிடுவதே அதற்குக் காரணம். ஆனால், விருந்தினர் சென்றபின்தான் வீட்டாரின் வாழ்க்கையை நெருங்கிக் காண முடிகிறது. கோடையில் நீர் வற்றச் சிறு குட்டைகளில் மீன்கள் செறிகின்றன. கூழைக்கடாக்களும் கொக்குகளும் அங்கே கூடுகின்றன. சங்கப் புலவர் பாடிய அன்றில் என ஆய்வாளர் சிலர் கருதும் அரிவாள் மூக்கனும் சேற்றில் வளைந்த அலகை நுழைத்து இரை தேடும். சில ஆண்டுகளில் பூநாரைகள்கூடக் கோடையில் இங்குத் தங்கிவிடுவதுண்டு.

நீர் விலகிய மண்திட்டுகளில் நெடுங்கால் உள்ளான் முட்டையிடுகிறது. கூடு என்பது ஒரு சிறு பள்ளம், சில சருகுகள், அவ்வளவே. வெயிலில் முட்டைகள் வெந்துவிடாதிருக்கத் தாயும் தந்தையும் நீரில் இறங்கி, வயிற்றிறகுகளை நனைத்துவந்து முட்டைகளின்மீது அமர்கின்றன. அடைகாத்தல் என்றால் சூடேற்றுதல் என்று நாம் கற்றிருக்கிறோம். சென்னை வெயிலிலோ அடைகாத்தல் பல வேளைகளில் குளிர்வித்தலாகவே அமைகிறது. ஆள் நெருங்கினால் பெற்றோர் எழுந்து கூவிச் சுற்றும். அந்தச் சில நிமிடங்கள் முட்டைகள் நிழலின்றிக் கிடக்கும். சாலையோரத்திலிருந்தே இருகண்ணோக்கியால் பார்க்க வேண்டும் என்பது இதனால்தான். ஆட்காட்டியும் இவ்வாறே தரையில் முட்டையிடும். மனித நடமாட்டத்தை ஊரறியக் கத்திச் சொல்வதால் அதற்கு அப்பெயர்.

நீரிலைகளின்மீது நடக்கும் நீளவால் இலைக்கோழியின் குடும்பமுறை வேறானது. நீண்ட விரல்கள் உடல் எடையைப் பரவச் செய்வதால் அது மூழ்குவதில்லை. பெண்பறவை முட்டையிட்டபின் அடுத்த துணையைத் தேடிச் சென்றுவிடும். அடைகாப்பதும் குஞ்சுகளைக் காப்பதும் ஆண்பறவையின் பொறுப்பு. முக்குளிப்பான் கூட்டை விட்டு நீங்கும்போது முட்டைகளைப் பாசியால் மூடிச் செல்லும்; குஞ்சு பொரித்தபின் அவற்றை முதுகில் ஏற்றிக்கொண்டு நீந்தும். சிறுவர்கள் இக்காட்சியை எளிதில் மறப்பதில்லை.

ஒருகாலத்தில் ஏறத்தாழ 50 சதுர கிலோமீட்டர் பரந்திருந்ததாகக் கூறப்படும் இச்சதுப்பைச் சாலைகளும் கட்டடங்களும் குறுக்கிவிட்டன. பெருங்குடிக் குப்பைக் கிடங்கும் சதுப்பின்மீதே அமைந்தது. 2007இல் 317 ஹெக்டேர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022இல் ராம்சர் தளமாக ஏற்கப்பட்டது. நீர் தங்க வேண்டிய இடத்தில் வீடுகள் எழுந்ததன் விளைவை 2015ஆம் ஆண்டின் வெள்ளத்தில் வேளச்சேரி மக்கள் கண்டனர்.

பறவைகளைக் காண, விடியற்காலை ஆறு மணிக்கே அங்கிருத்தல் நலம். கதிரவனை முதுகுப்புறம் கொண்டு நின்றால் இறகின் நிறங்கள் தெளியும். எதிர்வெயிலில் நீலத் தாழைக்கோழியும் கறுப்பாகவே தோன்றும். ஒன்பது மணிக்கெல்லாம் பல பறவைகள் கோரைக்குள் ஒதுங்கிவிட, குடும்பத்தாரும் திரும்பத் தொடங்குவர். வெட்டவெளியில் எஞ்சுபவை, நனைந்த வயிற்றோடு மண்திட்டில் அமர்ந்திருக்கும் உள்ளான்களே. ஐப்பசியில் பருவமழை வலுத்தால் அத்திட்டு நீரில் மூழ்கும். அதற்குள் குஞ்சுகள் பறக்கப் பழகியாக வேண்டும்.