அரச கட்டடங்களுக்கு மின்சாரம் எங்கிருந்து வரவேண்டும்?

ஐக்கிய அமெரிக்காவில் மிகக் கூடுதலாகச் சக்தியை நுகர்வது தனியார் ஆலை எதுவுமன்று, மத்திய அரசாங்கமே. அலுவலகங்கள், படைமுகாம்கள், வைத்தியசாலைகள் என அதன் கட்டடங்கள் நாடெங்கும் உள்ளன. இவ்வளவு பெரிய வாடிக்கையாளர் "இன்ன வகை மின்சாரமே வேண்டும்" என்று கேட்டால், அதை உற்பத்தி செய்வோருக்கு நிலையான சந்தை கிடைக்கும். நமது நெல்லைக் கூட்டுறவுச் சங்கம் வாங்கும் என்ற உறுதி இருந்தால், நாம் துணிந்து விதைப்பதில்லையா? அதுபோன்றதே இதுவும்.

2005இல் அந்நாட்டுக் காங்கிரஸ் சக்திக் கொள்கைச் சட்டத்தை நிறைவேற்றியது. மத்திய அரசாங்கம் பயன்படுத்தும் மின்சாரத்தில் சூரியன், காற்று போன்ற புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து வரும் பங்கை அது நிர்ணயித்தது. 2007 முதல் 2009 வரை குறைந்தது 3 வீதம். 2010 முதல் 2012 வரை 5 வீதம். 2013 முதல் 7.5 வீதம்.

எல்லா மின்சாரமும் ஒரே கம்பியில்தானே வருகிறது, பிரித்தறிவது எப்படி? களஞ்சியத்தில் கொட்டிய நெல்லில் யாருடையது எது என்று பார்க்க முடியாது. ஆனால் பற்றுச்சீட்டு கணக்குச் சொல்லும். அவ்வாறே, புதுப்பிக்கத்தக்க மின்சாரம் 1,000 அலகுகளுக்கு ஒரு சான்றிதழ் வழங்கப்படுகிறது. அதை வைத்திருப்பவரே அம்மின்சாரத்துக்கு உரிமை கோரலாம்.

சான்றிதழை மட்டும் வாங்கிக் கணக்கை நிரப்பிவிடவும் இதனால் இடமுண்டு. எனவே சட்டம் ஓர் ஊக்கத்தைச் சேர்த்தது. அரச கட்டடத்திலேயோ அரச காணியிலேயோ உற்பத்தி செய்து அரச கட்டடத்தில் பயன்படுத்தினால், அது இரட்டிப்பாகக் கணக்கிடப்படும். பழங்குடி மக்களின் காணிகளில் உற்பத்தியாகும் மின்சாரத்துக்கும் இச்சலுகை உண்டு. அவர்களுட் பலர் 19ஆம் நூற்றாண்டில் தம் பூர்வீக நிலங்களிலிருந்து விரட்டப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள். எங்கு உற்பத்தி செய்வது என்ற கேள்வி, பயன் யாரைச் சேரும் என்ற கேள்வியுமாகும் என்பதை நாம் இதிற் காண்கிறோம்.

சட்டத்தில் ஒரு தளர்வும் உண்டு. பொருளாதார ரீதியிலும் தொழில்நுட்ப ரீதியிலும் இயலுமான அளவுக்கே அது கட்டாயமாகும்.

பின்னர் ஜனாதிபதிகள் இலக்கை உயர்த்தினர். 2015இல் ஒபாமா பிறப்பித்த உத்தரவு, 2025இல் 30 வீதம் என்றது. 2018இல் டிரம்ப் அதை நீக்கினார். 2021இல் பைடன், 2030க்குள் முழு மின்சாரமும் காபனை வெளியிடாததாக இருக்கவேண்டும் என்றார். 2025 ஜனவரியில் டிரம்ப் அதையும் நீக்கினார். ஆயினும் காங்கிரஸ் இயற்றிய 7.5 வீதச் சட்டம் இவ்வுத்தரவுகளோடு மறையவில்லை.

ஒருவரின் கையெழுத்தால் வந்த உயர்ந்த இலக்கு, இன்னொருவரின் கையெழுத்தால் போயிற்று. மக்கள் பிரதிநிதிகள் சட்டமாக்கிய சிறிய இலக்கு நின்றது. நமக்கு எந்த வாக்குறுதி தரப்பட்டாலும், அது சுற்றறிக்கையா சட்டமா, அதன் கணக்கை யார் பார்ப்பார்கள் என்று முதலிற் கேட்கப் பழகுவோம்.